மூவொரு கடவுள் ஞாயிறு: தோட்டத்துக் கோயிலில் பாட்டு நடத்துவது எப்படி

பாட்டுக் கொப்பியைத் திறக்க முந்தி ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தை, மகன், தூய ஆவியார் மூவரும் ஒரே கடவுள் என்று கொண்டாடுகிற மூவொரு கடவுள் பெருவிழாவுக்குப் பாட்டுத் தெரிவு செய்கிறவருக்கு ஆர்மோனியத்தை விட அதுதான் முக்கியம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்துக் கத்தோலிக்கக் கோயிலில் நான் பாடகர் குழு நடத்துகிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள், ஆகவே திருத்துகிற புத்தி இன்னும் போகவில்லை. இசை படித்தவர் எவரும் இல்லாமல், கொழுந்து பறிக்கும் பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பூசைக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பில் நாலு குரலில் பாடுகிற குழுக்களுக்கு இது தேவைப்படாது.

விழா எப்போது என்பது சுலபம். தூய ஆவியார் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு. மே 17க்கு முந்தி வராது, ஜூன் 20க்குப் பிந்தியும் வராது. 1334இல் திருத்தந்தை 22ஆம் யோவான் இதை முழுத் திரு அவைக்கும் பொது விழாவாக்கினார். அடுத்தது, மூன்று வருசச் சுற்றில் அந்த வருசம் எந்த வாசக ஆண்டு என்று பாருங்கள். முதல் ஆண்டென்றால் நற்செய்தி யோவான் 3:16-18, இரண்டாம் ஆண்டென்றால் மத்தேயு 28:16-20, மூன்றாம் ஆண்டென்றால் யோவான் 16:12-15. 2026 முதல் ஆண்டு. வாசகத்தைப் படிக்காமல் பாட்டுத் தெரிவு செய்யக் கூடாது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, சிவப்புப் பேனாவுக்கு வருவோம்.

பாட வேண்டும் என்று நினைக்கிற ஒவ்வொரு பாட்டையும் மெட்டு இல்லாமல், கடிதம் வாசிப்பது போல வாசியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இது யாரிடம் பேசுகிறது?' என்று கேட்டு எழுதுங்கள். தந்தையிடமா, மகனிடமா, தூய ஆவியாரிடமா, அல்லது கடவுளைப் பற்றி நமக்குள் பேசிக்கொள்கிறோமா? மூன்று ஆட்களையும் ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிடுவதில் குற்றம் இல்லை. நடுவில் ஆளை மாற்றியது பாட்டுக்கே தெரியாமல் இருப்பதுதான் குற்றம்.

பல்லவியில் 'தந்தையே' என்று கூப்பிடுவோம். இரண்டாம் சரணத்தில், கூப்பிட்ட அதே ஆளிடமே, 'எனக்காகச் சிலுவையில் மரித்தீரே' என்போம். கண்ணீர் வருகிற மெட்டாக இருக்கும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் தந்தை சிலுவையில் மரிக்கவில்லை. மனிதராகி மரித்தவர் மகன். இது இன்றைக்கு நேற்று வந்த குழப்பம் அல்ல. 2ஆம், 3ஆம் நூற்றாண்டுகள் சந்திக்கிற காலத்தில் பிராக்சேயாஸ் என்பவர் தந்தையும் மகனும் ஒரே ஆள்தான் என்று போதித்தார். அவர் ஆவியாரை விரட்டிவிட்டுத் தந்தையைச் சிலுவையில் அறைந்துவிட்டார் என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதினார். குத்தலாகத்தான் எழுதினார், ஆனால் சரியாக எழுதினார்.

இன்னொரு பிழை வேசம் மாற்றுவது. தந்தையாக இருந்தார், அப்புறம் மகனாக மாறினார், இப்போது ஆவியாக இருக்கிறார் என்று கதை போல அடுக்குகிற பாட்டு. கேட்க அழகாக இருக்கும், பிள்ளைகளுக்கு உடனே பிடிக்கும். பழைய காலத்துப் போதகர் சபெல்லியு சொன்னதும் இதுதான், திரு அவை அவரை ஏற்கவில்லை. திருமுழுக்கின் போது யோர்தானில் மகன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியார் புறாப் போல இறங்குகிறார், தந்தையின் குரல் கேட்கிறது. ஒரே நேரத்தில் மூவரும் இருக்கிறார்கள். ஒருவரே வேசம் மாற்றினால் இது எப்படி நடக்கும்?

மூன்றாவது, தூய ஆவியாரைக் காற்றாகவும் நெருப்பாகவும் மட்டும் பாடிவிட்டு விடுவது. 'வந்தது', 'எரிந்தது' என்று அஃறிணையில் முடிகிற வரிகளைச் சுற்றிக் கோடு போடுங்கள். காற்றும் நெருப்பும் அடையாளங்கள். அவர் ஆள்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று எங்கள் குழுவில் வருகிற ஒவ்வொரு புதுப் பிள்ளையும் கேட்கும். நான் ஆரியுஸ் கதையைச் சொல்வேன். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த குரு அவர். மகன் தந்தையால் உண்டாக்கப்பட்டவர், தந்தைக்குச் சமமானவர் அல்லர் என்று போதித்தார். அதைப் பிரசங்கத்தோடு விட்டுவிடவில்லை. கப்பலோட்டிகளுக்கும் மாவரைக்கிறவர்களுக்கும் வழிநடைப் பயணிகளுக்கும் பாட்டாகக் கட்டிக் கொடுத்தார். அது ஊர் ஊராகப் போனது. அதை மறுத்துத்தான் 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி, 'உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்' என்று விசுவாச அறிக்கையில் வைத்தார்கள். சங்கம் கூடிய பிறகும் சண்டை ஓயவில்லை. 386இல் மிலானில் ஆரியுஸ் கட்சியார் கோயிலைக் கேட்டபோது ஆயர் அம்புரோஸ் மக்களோடு கோயிலுக்குள் இருந்துகொண்டு பாட்டுக் கற்றுக்கொடுத்தார் என்று அகுஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார். பாட்டால் கெடுத்ததைப் பாட்டால்தான் திருத்தினார்கள்.

நம்ம மலையிலும் அதே கதைதான். பாதர் சொன்ன பிரசங்கம் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றும்போதே பாதி மறந்துபோகும். பாட்டு திங்கட்கிழமை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கும் வரும், கூடையோடு மலைக்கும் ஏறும். அது மட்டுமா? கோயில் ஸ்பீக்கர் அடுத்த லயத்துக்கும் கேட்கும். அங்கே இருக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் நம் சொந்தக்காரர், இந்துக்கள். 'உங்களுக்கும் மூன்று சாமியா அக்கா, மும்மூர்த்தி மாதிரி?' என்று என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறார்கள். இல்லை, ஒரே கடவுள்தான், மூன்று ஆட்கள், ஆளுக்கொரு வேலை என்று பிரித்துக்கொண்ட மூன்று சாமிகள் இல்லை என்று சொன்னேன். நான் வாயால் சொன்னதற்கு எதிராக ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தால் யாரை நம்புவார்கள்?

உவமை தேடும் ஆசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தேயிலை மலையில் மறைக்கல்வி படிப்பிக்கிற எல்லாருக்கும் ஒரு நாள் இது தோன்றும்: ரெண்டு இலை, ஒரு மொட்டு, ஆக மூன்று, ஆனால் ஒரே கொழுந்து! பிள்ளைகள் கைதட்டுவார்கள். வகுப்பில் ஒரு தரம் சொல்லிவிட்டுப் போங்கள், பாட்டில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு இலை கொழுந்தில் ஒரு பங்குதான். தந்தை கடவுளில் மூன்றில் ஒரு பங்கு அல்லர், அவர் முழுக் கடவுள். மகனும் அப்படியே, ஆவியாரும் அப்படியே. இலையைக் கிள்ளினால் கொழுந்து குறையும். பாட்டில் ஏறிய உவமையை அப்புறம் இறக்கவே முடியாது.

தொடக் கூடாத இடங்கள்

நீங்கள் தெரிவு செய்ய வேண்டியவை உண்மையில் கொஞ்சம்தான். வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், நற்கருணைப் பாடல், கடைசிப் பாடல். மற்றவை பூசையின் சொந்த வார்த்தைகள். அதிலும் 'உன்னதங்களிலே' என்று தொடங்குகிற கீதத்துக்குப் பதிலாக வேறெந்தப் புகழ்ச்சிப் பாட்டையும் வைக்க முடியாது. திருப்பலி நூலின் பொது விதிமுறைகளில் 53ஆம் எண் அதைத் தெளிவாகச் சொல்கிறது. மெட்டு எதுவானாலும் சரி, வார்த்தை அதேதான்.

'ஆண்டவரே இரக்கமாயிரும்' மூன்று தடவை வருவதால், இந்த விழாவிலாவது தந்தைக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, ஆவியாருக்கு ஒன்று என்று பிரிக்கத் தோன்றும். பிரிக்காதீர்கள். மூன்றுமே கிறிஸ்துவை நோக்கியவை. 'தூயவர்' எசாயா 6:3இல் சேராபீன்கள் பாடியது. அதைக் குழு தனியாகப் பாடி மக்களை வேடிக்கை பார்க்க வைக்கக் கூடாது. விசுவாச அறிக்கைக்கு அன்றைக்கு நிசேயா அறிக்கையையே சொல்லும்படி பாதரிடம் கேளுங்கள். நீளம்தான், ஆனால் இந்த ஞாயிறு சொல்லாமல் வேறு எப்போது?

'உன்னதங்களிலே' பாடும் முறை

நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். இந்த ஒரு கீதத்தில் விழா முழுவதும் இருக்கிறது. முதலில் தந்தையைப் புகழ்கிறோம், அப்புறம் நீளமாக மகனிடம் மன்றாடுகிறோம், முடிவில் மகன் தூய ஆவியாரோடு தந்தையின் மாட்சியில் இருக்கிறார் என்று மூவரும் ஒரே வரியில் வருகிறார்கள். மக்கள் வருசக் கணக்காகப் பாடியும் இந்த அமைப்பைக் கவனித்திருக்க மாட்டார்கள். குரலால் காட்டிக் கொடுக்கலாம்.

தந்தைக்குரிய பகுதியைப் பெண்கள் பாடட்டும். மகனுக்குரியதை ஆண்கள் தொடங்கி, மன்றாட்டு வரிகளில் எல்லாரும் பதில் சொல்லட்டும். கடைசி வரி எல்லாரும். ஆனால் மூன்று பகுதிக்கும் மூன்று மெட்டுப் போடாதீர்கள். ஒரே ராகம், ஒரே தாளம், குரல் மட்டும் மாறட்டும். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

ராகத்துக்கு மோகனத்தைச் சொல்வேன். கீபோட் வாசிக்கிற பிள்ளை புதிது என்றால் இதைவிட லேசான வழி இல்லை: நாலரைக் கட்டையை (F#) ச என்று வைத்துக் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தால் மோகனம் வந்துவிடும். வெள்ளைக் கட்டையில் விரல் படாத வரைக்கும் அபசுரமே வராது. மெட்டைக் கீழ்ப் பஞ்சமத்துக்கும் நடுப் பஞ்சமத்துக்கும் இடையில் கட்டுங்கள்: ப த ச ரி க ப. அதில் ஒரு லாபம் இருக்கிறது. மேலே போகிற உச்சம் ஒன்றரைக் கட்டையோடு (C#) நிற்கும். அதற்கு மேல் போனால் வயசான பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள், ஆண்கள் கீழ் ஸ்தாயிக்கு நழுவுவார்கள், கடைசியில் குழு மட்டும் பாடிக்கொண்டிருக்கும்.

பழக்குகிற விதம்: கடைசி வரியை முதலில் பழக்குங்கள். அது நன்றாக ஊறிய பிறகு நடு, அப்புறம் தொடக்கம். முதலிலிருந்து பழக்கினால் எல்லாருக்கும் தொடக்கம் மட்டும் தெரிந்திருக்கும், தூய ஆவியார் வருகிற இடத்தில் குரல் தேய்ந்துபோகும். வரி வரியாகப் பாடி வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் காதில் மாட்டிக்கொண்டு மலையில் கேட்பார்கள். ஞாயிறு காலையில் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்குப் பழக்கத்துக்கு வர நேரம் கிடைக்காது. அவர்களைக் கோபித்துப் பிரயோசனம் இல்லை.

தப்பு (பறை) அடிக்கலாமா என்ற கேள்வி எங்கள் பக்கம் எப்போதும் வரும். திருவழிபாட்டு இசையில் அந்தந்த மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லிவிட்டது. இருந்தாலும் சாவு வீட்டு அடி காதில் இருக்கிற பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். வருகைப் பாடலுக்குப் பவனியில் அடிக்கச் சொல்லுங்கள், கோயிலுக்குள் வந்ததும் நிறுத்துங்கள். இது என் கணக்கு, உங்கள் தோட்டத்தில் வேறாக இருக்கலாம்.

பதிலுரைப் பாடல், ஆமென்

முதல் ஆண்டின் பதிலுரை தானியேல் 3ஆம் அதிகாரத்தில் இளைஞர்கள் தீச்சூளையில் பாடிய கீதம். ஒருவர் வரி எடுக்க, மற்றவர்கள் அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிற அமைப்பு. நடவுப் பாட்டும் கும்மியும் கேட்டு வளர்ந்த நம் சனத்துக்கு இதைப் படிப்பிக்கவே தேவையில்லை. கொப்பி வாசிக்கத் தெரியாத பாட்டிதான் முதலில் பிடித்துக்கொள்வார். இரண்டாம் ஆண்டுக்குத் திருப்பாடல் 33, மூன்றாம் ஆண்டுக்குத் திருப்பாடல் 8. இவற்றுக்கும் பதிலுரை வரியை எளிய மெட்டில் வைத்துவிட்டு, சரணங்களை ஒருவர் பேசுவது போல இழுத்துப் பாடினால் போதும்.

பூசையிலேயே மூவொரு கடவுளை மிகத் தெளிவாகச் சொல்கிற இடம் எது என்று கேட்டால், பலர் யோசிக்காமல் சிலுவை அடையாளம் என்பார்கள். நான் 'இவர் வழியாக, இவரோடு, இவரில்' என்பேன். குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திப் பிடித்து, மகன் வழியாக, தூய ஆவியாரின் ஒன்றிப்பில், தந்தைக்கே எல்லாப் புகழும் என்கிறார். நாம் செய்கிற வேலை ஒரே வார்த்தை: ஆமென். அதையும் முணுமுணுத்துவிட்டு முழங்காலை மாற்றி வைக்கிறோம். 4ஆம் நூற்றாண்டு உரோமையில் மக்கள் சொன்ன ஆமென் வானத்து இடி போல எதிரொலித்தது என்று எரோணிமுஸ் எழுதியிருக்கிறார்.

இதற்கு ஒரு வாரத்துக்கு முந்தியே பாதருக்குப் போன் போடுங்கள். பல தோட்டக் கோயில்களைச் சுற்றி வருகிறவர், உங்கள் கோயிலுக்கு வந்து இறங்கும்போது நேரமே இருக்காது. 'பாதர், அந்த இடத்தைப் பாடுவீங்களா, வாசிப்பீங்களா?' என்று கேளுங்கள். பாடுவார் என்றால் எந்தச் சுருதியில் என்று கேட்டு, அதே சுருதியில் ஆமெனை மூன்று தரம் ஏறுமுகமாகப் பழக்குங்கள். வாசிப்பார் என்றால், அவர் முடிக்கிறபோது கீபோட்டில் ஒரு சுரத்தைப் பிடித்துக் காட்டினால் மக்கள் ஏறிக்கொள்வார்கள். ஆனால் 'இவர் வழியாக' என்பதை மக்களும் சேர்ந்து சொல்லக் கூடாது. அது குருவுக்கு உரியது. சேர்ந்து சொல்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அங்கெல்லாம் ஆமென் இன்னும் தேய்ந்துதான் இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

நற்கருணைப் பாடலில் வலிந்து மூவொரு கடவுளைப் புகுத்த வேண்டாம். மக்களுக்குத் தெரிந்த, கிறிஸ்துவிடம் பேசுகிற ஒரு பாட்டு. முடிந்தது.

ஒரு சரணம் நீங்களே கட்டுவதென்றால்

இலத்தீன் வழிபாட்டுப் பாடல்கள் பலவற்றின் கடைசிச் சரணம் மூவருக்கும் புகழ் சொல்லி முடியும். உங்களிடம் இருக்கிற ஒரு நல்ல பாட்டுக்கு அப்படி ஒரு சரணம் சேர்க்கலாம். நான் எங்கள் குழுவுக்கு எழுதிக் கொடுத்தது:

உலகைப் படைத்த தந்தைக்கே
உயிரைத் தந்த மைந்தருக்கே
உள்ளில் வாழும் ஆவியார்க்கே
ஒன்றே மாட்சி என்றென்றுமே

பெரிய கவிதை ஒன்றும் இல்லை. ஆனால் நாலாவது வரி இல்லாவிட்டால் முதல் மூன்றும் மூன்று தனித்தனிக் கடவுள்களுக்குப் போட்ட மாலை ஆகிவிடும். 'ஒன்றே மாட்சி' என்பதில் அழுத்திப் பாட வேண்டும். இன்னொன்று, செயலைச் சொன்னாலும் பெயரை விடக் கூடாது. 'படைத்தவர், மீட்டவர், தூய்மையாக்குகிறவர்' என்று பெயர்களுக்குப் பதிலாக வேலைகளை மட்டும் வைத்துத் திருமுழுக்குக் கொடுத்தால் அது செல்லாது என்று 2008இல் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அறிவித்தது. பாட்டுக்கு அவ்வளவு கடும் சட்டம் இல்லை, ஆனாலும் காரணம் ஒன்றுதான்: படைப்பு தந்தையின் வேலை மட்டும் அல்ல. எல்லாம் மகன் வழியாகப் படைக்கப்பட்டன என்று அதே நிசேயா அறிக்கை சொல்கிறது. எழுதி முடித்ததைப் பாதரிடம் காட்டாமல் பாடக் கூடாது. அவர் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள், ரோசப்பட வேண்டாம்.

மழை

எங்கள் கோயிலுக்குத் தகரக் கூரை. மழை கொட்டினால் ஆர்மோனியம் வாசிக்கிறவளுக்கே ஆர்மோனியம் கேட்காது. கரண்டும் அதே நேரத்தில் போகும். அதனால் கீபோட்டை நம்பி மட்டும் ஒரு பாட்டையும் தெரிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு பாட்டையும் வாத்தியம் இல்லாமல், வெறும் கைத்தாளத்தோடு ஒரு தடவை பழக்கி வையுங்கள். பாட்டு எடுத்துக் கொடுக்க ஒருவர் போதாது. முன்னால் ஒருத்தி, நடு வாங்கில் ஒருத்தி, வாசல் பக்கம் ஒருவர் என்று ஆட்களை உட்கார வையுங்கள். பின்னால் இருக்கிறவர்கள் முன்னால் கேட்காமல் அரை வரி பிந்தினால் பாட்டு இரண்டாக உடைந்துவிடும்.

ஈரத்தில் தபேலா தோல் தொய்ந்து சுருதி இறங்கும். முதல் நாள் இரவு அடுப்பங்கரையில், நெருப்புக்குக் கிட்டவாக இல்லாமல், சூடு படுகிற தூரத்தில் வையுங்கள். ஆர்மோனியத்தைத் துணியால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துத் தரையில் படாமல் பலகையில் ஏற்றுங்கள். காலையில் கட்டை ஒன்று ஒட்டிக்கொண்டு விடாமல் கத்தினால், துருத்தியை மூடிவிட்டுக் குரலிலேயே பாடுவது மேல்.

வாசகத்தின் போதும் மழை கொட்டினால் பாதர் பொறுப்பார். அந்த நேரத்தை நிரப்ப வேண்டும் என்று பாட்டை நீட்டாதீர்கள்.

பூசை முடிந்ததும் போட்டோ கொப்பி எடுத்த தாள்களைத் திருப்பி வாங்குங்கள். நனைந்ததைக் காயவைத்து, சிவப்புப் பேனாவால் திருத்திய மூலத்தோடு சேர்த்து ஒரு பைலில் போடுங்கள். மேலே வாசக ஆண்டையும், எந்தப் பாட்டுக்கு எத்தனைக் கட்டை என்பதையும் எழுதுங்கள். அதே வாசகங்கள் திரும்ப வர மூன்று வருசம். அதற்குள் இன்றைக்குப் பாடுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் கொழும்பில் வேலைக்குப் போயிருப்பார்கள், கீபோட் வாசிக்கவும் வேறு யாராவது வந்திருப்பார்கள். அவர்கள் முதலில் கேட்பது சுருதி எது என்றுதான்.